நோட்டின் கடைசிப் பக்கத்து எண்கள்

அப்பாவும் சித்தப்பாவும் பிரிந்தபோது எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். விசைத்தறிகள் ஆளுக்கு ஆறு. பட்டறைச் சுவரில் தொங்கிய இரண்டு சாமி படங்களில் ஆளுக்கு ஒன்று. கடைசியில் மிஞ்சியது ஒரு கம்ப்யூட்டர். எடப்பாடியில் எங்கள் பட்டறை நெய்த அத்தனை சேலைகளின் டிசைன்களும் அதற்குள்தான் இருந்தன. தறிக்கு டிசைனைச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடும் இயந்திரமும் அதோடுதான் இணைந்திருந்தது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. "ரெண்டு பேருக்கும் காப்பி போட்டுக் குடுத்தரலாமே?" என்று கேட்டேன்.

"ஒரே பார்டரை ரெண்டு பேரும் நெய்ஞ்சா யாரு வாங்குவா? சும்மா இரு சாமி" என்றார் அப்பா.

ஆகவே தாய்மாமா வரவழைக்கப்பட்டார். சேலத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தவர்; எங்கள் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவரும் அவரே. ஹார்டு டிஸ்கை நிலம்போல இரண்டு பாகமாக்கி, பாகத்துக்கொரு பாஸ்வேர்டு வைப்பதென்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா ஒரு மூலையிலும் சித்தப்பா எதிர் மூலையிலும் நின்றார்கள். இருவரும் நேராகப் பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாமா கறுப்புத் திரையில் ஏதோ தட்டினார். மூன்று எண்கள் வந்தன.

"இதை உன்ற நோட்டுல எழுதி வை சாமி. ஒரு சைபர்கூடப் பெசகக் கூடாது" என்றார் மாமா என்னிடம்.

எதையும் வரிசையாக எழுதிவைப்பதில் எனக்கு அப்போதே ஆசை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

மாமா மேலும் தட்டி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். இரண்டு பாகங்கள் வந்திருந்தன. இரண்டுமே திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நின்றது.

"எல்லாம் போச்சுங்களா?" என்று சித்தப்பா திரையருகே ஓடிவந்தார். தீபாவளி நெசவு தொடங்க வேண்டிய வாரம் அது.

"போகலீங்க. உள்ள இருக்கறதைச் சுருக்கிட்டுத்தான் எல்லையை நகத்தோணும். நான் எல்லையை மொதல்ல நகத்திட்டனுங்க. பழைய எல்லை எங்க இருந்துச்சுன்னு டிஸ்க் முழுக்கத் தேடோணும். சாயங்காலம் ஆகும். கெடைக்குமான்னும் சொல்ல முடியாதுங்க."

பென் டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை ஏற்றித் தேடலைத் தொடங்கினார். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன் என்று காட்ட நோட்டை நீட்டினேன். வாங்கி மூடி, மடியில் வைத்துக்கொண்டார். "எதுக்கும் டிசைன் பேரையெல்லாம் சொல்லுங்க, பாப்பா எழுதட்டும்" என்று ஒரு வெள்ளைத் தாளை என்னிடம் கொடுத்தார்.

அப்பாவுக்கு ஒரு பத்தி, சித்தப்பாவுக்கு ஒரு பத்தி என்று கோடு கிழித்தேன். ஐந்தாவது பெயரிலேயே சிக்கல்.

"மாங்கா பார்டரு அவன்து" என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

"மாங்கா மட்டுந்தான் நானுங்கண்ணா. கொடி நீங்க போட்டது. காச்சலோட உக்காந்து போட்டீங்க."

"ஆமா, நீ கசாயத்தைக் கொண்டாந்து கீபோர்டு மேல ஊத்துன."

எந்தப் பத்தியில் எழுதுவது என்று கேட்டேன். அவர்கள் கசாயக் கதையிலேயே இருந்தார்கள். இருவருக்கும் பொதுவாக மூன்றாவது பத்திக்கும் கோடு கிழித்தேன். மதியத்துக்குள் அதுதான் நிறைந்தது. அம்மா கொண்டுவந்த சோற்றை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஐந்து மணிவாக்கில் மாமா "சிக்கிருச்சுங்க" என்றார். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். டிசைன்கள் எல்லாம் திறந்தன.

"இனிப் பிரிச்சரட்டுங்களா?"

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். "கெடக்கட்டும் உடு மாப்ள" என்றார் அப்பா.

பட்டறைக்கு நடுவே சுவர் எழும்பத்தான் செய்தது. கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் இரண்டு பக்கமும் கதவு வைத்தார்கள்.

இப்போது சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. டிஸ்கைத் தொடும் முன் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். முதல் வரி: பாகத்தின் எண், அதன் தொடக்கம், அதன் முடிவு, மூன்றையும் எழுதிக்கொள். எல்லை தவறிவிட்டால் அதே எண்களைத் திரும்பக் கொடுத்தால் போதும். தேடவே வேண்டாம், இரண்டு நிமிட வேலை. முதல்முறை அந்த வரியை எழுதியபோதுதான், இதே மூன்று எண்களோடு மாமாவின் மடியில் பகல் முழுக்க மூடிக் கிடந்த கணக்கு நோட்டு நினைவுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் அவர் என் கையெழுத்தைத்தான் சரிபார்க்கிறார் என்று நினைத்தேன். ஒரு சைபரைக் கொஞ்சம் கோணலாகப் போட்டுவிட்டோமே என்பது மட்டுமே அப்போது என் கவலை.