பதினாலாம் கூட்டுக்குத் தமிழ் தெரியும்

நாய்க்கூடு கழுவுவது லேசான வேலை என்று நினைப்பவர்கள், மாரிகாலக் காலையில் ரப்பர் சப்பாத்துக்குள் தண்ணீர் போன பிறகு என்னோடு கதைக்க வரலாம். எண்பதுகளின் நடுவில் டென்மார்க்குக்கு வந்து, மொழிப் பள்ளி காட்டிய இடத்தில் தும்புத்தடியும் கையுமாக நின்ற சகபாடிகளே, உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. எனக்கு வாய்த்தது, கோப்பன்ஹேகனில் மிருக வைத்தியம் படிக்கும் மாணவர்கள் கைபழகும் ஒரு நிலையம்.

பெயர் வைக்கக்கூடாது

அங்கே இருந்தவை பந்தயத்தில் ஓடிய கிரேஹவுண்ட் நாய்கள். ஓட்டம் குறையத் தொடங்கியதும் சொந்தக்காரர்கள் ஒரு தாளில் கையெழுத்து வைத்துத் தந்துவிடுவார்கள். மாணவர்கள் அவற்றுக்குக் கட்டுப் போடுவார்கள், இரத்தம் எடுப்பார்கள், மயக்க ஊசி போட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு வியாழக்கிழமை வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை பழகுவார்கள். அந்த மயக்கத்திலிருந்து நாயை எழுப்புவதில்லை.

கூடுகளுக்குப் பொறுப்பான இங்கர் முதல்நாளே சட்டம் சொன்னாள்: பெயர் கிடையாது, கூட்டின் இலக்கம் மட்டும்தான். அகதி முகாமில் எனக்கும் ஓர் இலக்கம் இருந்ததால், பழகிய முறைதானே என்று தலையாட்டினேன். ஏன் என்று கேட்டதற்கு, தண்ணீர்க் குழாயை என் கையில் திணித்தபடி சொன்னாள்: "பேர் வைச்சால் கஷ்டம் உனக்குத்தான், நாய்க்கில்லை."

சட்டப்படி நடந்தேன்

நான் சட்டத்தை மீறவில்லை. இலக்கத்தைத்தான் சொன்னேன், ஆனால் தமிழில் சொன்னேன். பதினாலாம் கூட்டில் இருந்தவன் சாம்பல் நிறம், ஒரு காது மடிந்தவன், படு சோம்பேறி. "பதினாலு, எழும்படா. பதினாலு, அங்கால தள்ளு" என்று ஒரு மாதம் கதைத்ததில் அவனுக்கு எல்லாம் விளங்கத் தொடங்கிவிட்டது. "இரு" என்றால் இருப்பான், "வா" என்றால் வருவான். பேராசிரியர் டேனிஷில் கூப்பிட்டால் சுவரைப் பார்ப்பான். எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்துப் புரொண்பியில் என்னோடு அறையில் இருந்த யோகண்ணையிடம் இதைச் சொன்னேன். அவர் சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்னை டேனிஷ் படிக்க அனுப்பினா, நீ நாய்க்குத் தமிழ் படிப்பிச்சுப்போட்டு வாறாய்!"

சொசேஜோடு வந்தவர்

ஒரு திங்கட்கிழமை பதினாலின் பழைய சொந்தக்காரர் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. கையில் தாளில் சுற்றிய சொசேஜ். இங்கர் கோப்பி குடிக்கப் போயிருந்தாள். "இவன்ர படிப்பு எப்ப முடியும்?" என்று என்னிடம் கேட்டார். தான் கையெழுத்து வைத்த தாளில் 'பயிற்சிக்கு' என்றிருந்ததால், கட்டுப் போடுவதோடு காரியம் முடிந்துவிடும் என்று நம்பியிருந்தார். சத்திரசிகிச்சை நாட்கள் எழுதும் பலகையில் வரப்போகும் வியாழக்கிழமைக்கு நேரே 14 என்று எழுதியிருந்ததை நான் காலையிலேயே பார்த்துவிட்டேன்.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் பதினாலு போய்விடுவான். தெரிந்த டேனிஷைப் பொறுக்கிச் சொன்னேன்: வியாழக்கிழமை, நித்திரை, எழும்பமாட்டான். மனிதர் சொசேஜ் முழுவதையும் நாய்க்குக் கொடுத்து முடித்தார், கையைக் காற்சட்டையில் துடைத்தார், நேரே பேராசிரியரின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது: "நான் படிக்கத்தான் குடுத்தனான், வெட்டக் குடுக்கேல்லை!"

பேராசிரியரின் கேள்வி

பேராசிரியர் கெட்ட மனிதர் அல்ல. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஓடிய காலத்தில் நாய் பந்தயத் திடலில்தான் இருந்தது; பஸ் சாரதியின் மாடிவீட்டில் நாய் வளர்க்க அனுமதியில்லை. வியாழக்கிழமை கத்தி பிடிக்க இருந்த மாணவி கிர்ஸ்டன்தான், "நான் கொண்டுபோறன்" என்று முன்னுக்கு வந்தாள். எனக்கு அவளைக் கும்பிடலாம் போலிருந்தது.

பிறகு பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று கையுறையைக் கழற்றியபடியே போனேன். அவர் திட்டவில்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லி, ஒரு கேள்விதான் கேட்டார். "உன்ர நாய்க்குக் குடல் முறுக்குப்பட்டு உடன வெட்டவேண்டி வந்தால், முதல்முறையாக் கத்தி பிடிக்கிற ஆளிட்டயோ கொண்டுபோவாய்?"

இரண்டு பேர் பாஸ்

இரண்டு கிழமை கழித்துக் கிர்ஸ்டன் கொப்பியும் பேனையுமாக வந்தாள். நாய் அவள் சொல்வது ஒன்றையும் கேட்பதில்லையாம். வா, இரு, எழும்படா, அங்கால தள்ளு எல்லாவற்றையும் டேனிஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வசந்தகாலத்தில் ஒருநாள் யோகண்ணையும் நானும் புரொண்பி ஸ்டேசனில் நிற்கிறோம். மேடையில் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறான் பதினாலு. ரயில் வந்துவிட்டது. "பதினாலு, எழும்படா!" என்று கிர்ஸ்டன் கத்த, முழு மேடையும் திரும்பிப் பார்த்தது. அவன் எழும்பினான். யோகண்ணை என் முதுகில் தட்டினார். "பரவாயில்லை, உன்ர வகுப்பில ரெண்டு பேர் பாஸ்!"

பலகையில் 15

ஒன்றை விட்டுவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை பின்னேரமே பலகையில் 14 என்பதை அழித்து 15 என்று எழுதினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து பக்கத்துப் பதினைந்தாம் கூட்டு நாயை நான் தமிழை விட்டு டேனிஷ் இலக்கத்தால் கூப்பிடத் தொடங்கினேன். வியாழக்கிழமை காலை அப்படித்தான் கூப்பிட்டேன். வாலை ஆட்டிக்கொண்டே வந்தது. இங்கர் கயிற்றை என்னிடமிருந்து வாங்கினாள். "பேர் வைக்காட்டிலும் கஷ்டம்தான், நான் உனக்குப் பொய் சொன்னனான்."

தமிழில் எண்ணி ஒரு நாயைக் காப்பாற்றியவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான், அடுத்ததை டேனிஷில் எண்ணியதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.