பாய்ச்சலுக்கு வைத்த பேர்

குருவாசு ஆற்றின் மேல்பகுதியில் என் புருஷன் அடெமாரை விட்டால் நல்ல படகோட்டி கிடையாது. பெண்டாட்டி சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

ஆறு பாறைகளுக்குள் புகுந்து சீறுகிற இடத்தைப் பாய்ச்சல் என்போம். அதில் செத்தவர் பேர்தான் அதற்குப் பேர். ஒசியல் பாய்ச்சல், நெய்டே பாய்ச்சல், இரட்டையர் பாய்ச்சல் என்று வழியெல்லாம் எங்கள் ஆட்கள்தான் கிடக்கிறார்கள். எல்லாவற்றிலும் பெரியதற்கு மட்டும் பேர் கிடையாது. அங்கே யாரும் தண்ணீரில் போனதில்லை. படகைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியாகச் சுற்றிவிடுவோம். அது தன் ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்பார்கள்.

வரைபடம் போட சர்வேயர் டுவார்த்தே வந்தார். இளவயது, நல்ல மனுஷர், வாய்தான் ஓயாது. கவிழ இருந்த படகை நிமிர்த்தி, அவருடைய கருவிகளை அடெமார் காப்பாற்றியிருந்தார். பெரிய பாய்ச்சலின் பேரைச் சர்வேயர் கேட்டபோது, அதற்குப் பேர் கிடையாது என்றோம். நன்றிக்கடன் தீர்க்க அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

"அடெமார் பாய்ச்சல்னு எழுதிடறேன். உங்க காலத்துக்கப்புறமும் பேரு நிக்கும்."

என் புருஷனுக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. உயிரோடு இருப்பவன் பேரை வைத்தால் பாய்ச்சல் அவனைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். சொன்னால் சிரிப்பாரே என்று, "நான் என்ன சார் பெரிய ஆளு? உங்க பேரையே போடுங்க" என்று சொல்லிவிட்டார். பயத்தில் வந்த வார்த்தை. சர்வேயர் வேண்டாம் வேண்டாம் என்றபடியே எழுதிக்கொண்டார். பாறையிலும் சிவப்புப் பெயின்டில் எழுதவைத்தார்.

அதோடு வீட்டில் நிம்மதி போயிற்று. கீழேயிருந்து வருகிற ஒவ்வொரு படகையும் அடெமார் நிறுத்தி, சர்வேயர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிப்பார். மீன் குழம்பில் மரவள்ளி மாவைப் பிசைகிற கை பாதியில் நின்றுவிடும். பட்டணத்தில் மாடி வீட்டில் இருப்பவரை ஆறு எப்படித் தேடிப் போகும் என்று திட்டுவேன். திட்டினேனே தவிர, படகுச் சத்தம் கேட்டால் நானும் கரைக்கு ஓடுவேன்.

ஆறு தேடிப் போகவில்லை. அவரே வந்தார், தலை நரைத்து, தொப்பை போட்டு. தன் பேர் வைத்த பாய்ச்சலைத் தண்ணீரிலேயே கடக்க வேண்டுமாம். வெள்ளக்காலம், பாறைகள் மூழ்கியிருக்கும், முடியும் என்றார். அடெமார் கெஞ்சினார். உடம்புக்கு முடியவில்லை என்றார், எஞ்சின் கெட்டுவிட்டது என்றார். கடைசியில் உண்மையையே சொன்னார். சர்வேயர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நீங்கள் வராவிட்டால் எடினால்டோ வருகிறான் என்றார். எடினால்டோ நேற்று முளைத்த படகோட்டி. அவன் கையில் விடுவதும் ஒன்று, நாமே தள்ளிவிடுவதும் ஒன்று. அடெமார் போய்ச் சுக்கானைப் பிடித்தார். அவரைத் தனியாக விட மனமில்லாமல் நானும் ஏறிக்கொண்டேன்.

இரைச்சல் காதை அடைத்தது. தண்ணீர் படகை இழுக்கத் தொடங்கியதும், சுக்கானை விடாமல் எழுந்து நின்று கத்தினார்.

"அது அவரு பேரு இல்ல. அடெமார். எம் பேரு. என்னை எடுத்துக்க, அவரை விட்டுடு."

நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். சர்வேயர், ஏதோ வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார். படகு விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. நான் கண் திறந்தபோது அமைதியான தண்ணீரில் மூன்று பேரும் இருந்தோம்.

சர்வேயர் ஊருக்குப் போய்விட்டார். உனக்கென்ன பைத்தியமா என்று அன்று அடெமாரை நான் கேட்காத கேள்வியில்லை.

"அவரு பேரு அங்க இருந்தா நான் தினம் செத்துக்கிட்டிருக்கேன், ஸில்டா. எம் பேரு இருந்தா ஒரு தடவதான்" என்றார்.

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். வேறு பிழைப்பு தெரியாததால் விடிந்ததும் படகை அவிழ்க்கிறார். அந்த ஒரு தடவை இன்றைக்குத்தானோ என்று நான் கரையிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.