எங்கள் உபயத்தில் அடைபட்ட வாய்க்கால்

ஊருக்குப் போய் வந்தால் கோயில், சாப்பாடு, ஆற்றங்கரை என்று எழுதுவது என் வழக்கம். இந்த முறை அப்படி எழுத முடியவில்லை. கோபமாகத்தான் எழுதப் போகிறேன். பழைய கல்லூரிக்கு ஒரு நடை போய்வரலாம் என்று திட்டமிடுகிறவர்களுக்கு இதில் வழித்தடமும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் படித்தேன். கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, படித்தவர்களுக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். நாங்கள் வெளியே வந்த வருடங்களில் ஊரில் எந்த வீட்டில் நுழைந்தாலும் பாஸ்போர்ட் பேச்சுதான். வகுப்பில் பாதிப் பேர் துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்று பறந்துவிட்டோம். நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளன். இந்தப் புரட்டாசியில் முன்னாள் மாணவர் சந்திப்பு என்று அழைப்பு வந்தது. லீவும் கிடைத்தது, கிளம்பினேன்.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் இருப்பது நமக்கு வசதி. விமான நிலையத்திலிருந்து தஞ்சாவூர் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வரும். டாக்சிக்கு ஆயிரத்து ஐந்நூறு கேட்டார்கள், ஆயிரத்து முந்நூறுக்கு முடிந்தது. சாமான் அதிகமில்லை என்றால் மத்தியப் பேருந்து நிலையம் போய்ப் பேருந்து ஏறுங்கள், ஒன்றரை மணி நேரத்தில் புதுப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். அதற்கு எதிரிலேயே லாட்ஜுகள் உண்டு. சாலைப் பக்கம் அறை வாங்காதீர்கள், ஹாரன் சத்தத்தில் தூக்கம் வராது.

மறுநாள் காலை அதே டாக்சியை வரச் சொல்லிவிட்டேன். ஓட்டுநர் முருகேசன் திருவையாற்றுக்காரர், பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு என்று ஒவ்வொரு பாலமாகத் தாண்டினோம். எல்லாவற்றிலும் தண்ணீர் நிறைந்து போனது. கண்டியூரில் இடது பக்கம் திரும்பினால் திருக்காட்டுப்பள்ளிச் சாலை. இரு பக்கமும் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. "இந்த வருஷம் தண்ணி பரவால்ல சார், கடைமடைக்கே போயிருச்சுன்னு சொல்றாங்க" என்றார் முருகேசன். அதைக் கேட்டு எனக்கும் மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

கல்லூரிக்குச் சற்று முன்னால் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மழை பெய்யவில்லையே என்றேன். முருகேசன் அது எப்போதும் அப்படித்தான் என்று சொல்லி, ஓரமாக உருட்டிக்கொண்டு போய் வளைவுக்குள் நுழைத்தார். வளைவு புதியது. அதன் மேல் உபயம் என்று ஒரு பெயர், குடிநீர்த் தொட்டியில் ஒரு பெயர், சிமெண்டு பெஞ்சில் உட்காரும் இடத்திலேயே ஒரு பெயர். உட்கார்ந்தால் உபயதாரர் மேல்தான் உட்கார வேண்டும்.

வேதியியல் ஆய்வகத்துக்கும் மைதானத்துக்கும் நடுவில் எங்கள் காலத்தில் ஒரு பாசன வாய்க்கால் ஓடியது. ஐந்தடி அகலம் இருக்கும். கல்லூரி வருவதற்கு முன்பே இருந்த வாய்க்கால், பின்பக்கச் சுவரைத் தாண்டி வயல்களுக்குப் போகும். மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக உள்ளே வரும் நாளில் வகுப்பே ஜன்னலுக்குப் போய்விடும். பேராசிரியரும் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார். நான் தேடிப் போனது அந்த வாய்க்காலைத்தான். அங்கே சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்துக் கார்கள் வரிசையாக நின்றன. முருகேசனும் நம் காரை அங்கேதான் நிறுத்தினார்.

ஓரத்தில் கறுப்பு கிரானைட் பலகை ஒன்று. வாகன நிறுத்துமிடம், முன்னாள் மாணவர்கள் உபயம் என்று எழுதி, கீழே பெயர்கள். மூன்றாவது வரியில் என் பெயர். பக்கத்தில் சிங்கப்பூர் என்றும் போட்டிருந்தார்கள்.

நான் பணம் அனுப்பியது உண்மை. நூலகத்துக்கு என்று கேட்டார்கள், நூலகத்துக்கு என்றே அனுப்பினேன். வாய்க்காலை மூடுவதற்கு யாரும் என்னிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நல்ல பதில் கிடைத்திருக்கும்.

ஆரோக்கியசாமிக்குப் போன் செய்தேன். அவன் என் பெஞ்சுக்காரன். வகுப்பில் முதல் மதிப்பெண் அவன்தான். நாங்கள் விமானம் ஏறியபோது அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. சொந்தம் இரண்டு ஏக்கர், குத்தகை மூன்று ஏக்கர் என்று நிலத்தோடு நின்றுவிட்டான். அந்த நிலம் கல்லூரிச் சுவருக்குப் பின்னால்தான். சந்திப்புக்கு வாடா என்று முன்பே கூப்பிட்டிருந்தேன். நீ முதலில் உள்ளே போய்ப் பார், அப்புறம் பின்பக்கம் வா என்று மட்டும் சொல்லியிருந்தான். ஏன் அப்படிச் சொன்னான் என்று பலகையைப் பார்த்ததும் புரிந்தது.

பின்பக்கம் போக வெளியே வந்து சுற்ற வேண்டும், பத்து நிமிட நடை. சுவருக்கு அந்தப் பக்கம் அதே வாய்க்கால், ஆனால் உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் சேறு வெடித்துக் கிடந்தது. முன்பக்கம் சாலையில் நின்றது இங்கே வர வேண்டிய தண்ணீர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆரோக்கியம் நாற்றங்கால் வரப்பில் நின்றுகொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஐந்தடி வாய்க்காலுக்குப் பதில் ஓரடி சிமெண்டுக் குழாயைப் போட்டு மூடிவிட்டார்களாம். முதல் வருடமே குப்பை அடைத்துக்கொண்டது. மேலே கல் பதித்திருப்பதால் தோண்டித் தூர்வார விடமாட்டேன் என்கிறார்கள். பின்னால் நாற்பது ஏக்கர் காய்கிறது. வசதி இருப்பவர்கள் டீசல் இன்ஜின் வைத்து இறைக்கிறார்கள், மற்றவர்கள் தரிசாகப் போட்டுவிட்டார்கள். இவன் நாற்றை எப்படியோ இறைத்து வளர்த்துவிட்டான். நடவுக்குச் சேறாக்கத் தண்ணீர் வேண்டுமே. நாற்று நட வேண்டிய பருவம் வந்துவிட்டது, இன்னும் ஒரு வாரம் தாண்டினால் முற்றிவிடும்.

தாலுகா ஆபீசில் வருடா வருடம் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுத்தானாம். நீ படித்த காலேஜ்தானே, நீயே பேசிக்கொள் என்றார்களாம். கல்லூரியில் போய்க் கேட்டால், பழைய மாணவர்கள் கட்டிக்கொடுத்தது, அவர்கள் அனுமதியில்லாமல் கை வைக்க முடியாது என்றார்களாம். முன்னாள் மாணவர் சங்கத்திலோ, பிரச்சினை பண்ணுகிறான் என்று அழைப்பிதழ் அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். முதல் மதிப்பெண் வாங்கியவனுக்கு அழைப்பில்லை, அரியரோடு ஓடிப்போனவனுக்கு மேடையில் நாற்காலி! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

உள்ளே திரும்பிப் போய்ச் சங்கச் செயலாளரைப் பிடித்தேன். எங்களுக்கு இரண்டு வருடம் இளையவர், சிரித்த முகம். நூலகத்துக்கு அனுப்பியது எங்கே போனது என்று கேட்டேன்.

"லைப்ரரிக்கு யாருண்ணே வர்றா? எல்லாரும் கார்ல வர்றாங்க. போன வருஷம் நிறுத்த எடமில்லாம எவ்வளவு பேரு முகம் சுளிச்சாங்க தெரியுமா?"

வாய்க்காலைப் பற்றிக் கேட்டேன். குழாய் போட்டுத்தான் மூடினோம், பொறியாளரைக் கேட்டுத்தான் செய்தோம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். நாற்று அடுத்த வருடம் வரை காத்திருக்குமா என்றதற்கு என் தோளில் தட்டி, முதலில் சாப்பிடுங்கள் என்றார்.

வெளிநாட்டுக்காரர்களை வரிசையாகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். என் முறை வந்ததும் ஒலிபெருக்கியை வாங்கி, நாம் கார் நிறுத்தியிருப்பது நாற்பது ஏக்கர் தண்ணீரின் மேல் என்று சொன்னேன். கைதட்டினார்கள்! வெளியூரிலிருந்து வந்தவன் என்ன பேசினாலும் கைதட்டுவது என்று முடிவு செய்து உட்கார்ந்திருப்பார்கள் போல. ஆரோக்கியசாமியின் பெயரைச் சொல்லி, அவன் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறான் என்றதும்தான் சத்தம் அடங்கியது. உடனே அறிவிப்பாளர் சாப்பாடு தயார் என்று அறிவித்துவிட்டார். பந்திக்குப் போகாமல் என்னோடு வந்தவர்கள் எங்கள் வகுப்பு ஆட்கள் மூன்று பேர்.

கல்லிலிருந்து என் பெயரைச் செதுக்கி எடுத்துவிடுங்கள் என்று செயலாளரிடம் சொன்னேன். எடுத்தால் கல் அசிங்கமாகிவிடும், வேண்டுமானால் அந்த வரி மேல் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன் என்றார். ஒரு உளி வாங்கி நானே எடுத்துவிடுகிறேன் என்று கத்திவிட்டு நால்வருமாகப் பின்பக்கம் போய், ஆரோக்கியத்திடமும் அதையே சொன்னேன்.

அவன், "எடுக்காதடா" என்றான். "என்னைய யாருன்னு கேட்டு வெளிய நிறுத்துனாங்க. உன்னைய அப்படிக் கேக்க முடியாது. உன் பேரு கல்லுலயே இருக்கு. அனுமதி குடுக்க வேண்டியவன் நீதான்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. பேர எடுத்துட்டா நீயும் என் கூட வெளியதான் நிக்கணும்."

அன்றே நாங்கள் நால்வரும், மூடியதைத் திறக்க எங்களுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். எங்கள் பெயர்கள் அதே பலகையில் இருப்பதால் வாங்க மாட்டேன் என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. திரும்பும்போது முருகேசன் காரைக் கல் பதித்த இடத்திலிருந்து எடுத்து வெளியே மரத்தடியில் நிறுத்தியிருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, மேடையில் நான் பேசியதைக் கேட்டாராம்.

இனி போகிறவர்களுக்கு. தஞ்சாவூரிலிருந்து கண்டியூர் வழியாகத் திருக்காட்டுப்பள்ளி போகும் பேருந்துகள் கல்லூரி வாசலிலேயே நிற்கும், கார் தேவையில்லை. காரில்தான் போவேன் என்றால் வளைவுக்கு வெளியே நிறுத்துங்கள். சாலையில் தண்ணீர் நின்றால் அது எங்கே போக வேண்டியது என்று பின்பக்கம் நடந்து போய்ப் பாருங்கள். அப்புறம் அந்தக் கறுப்புப் பலகையை நிதானமாகப் படியுங்கள். உங்கள் பெயரும் இருக்கலாம். இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், உள்ளே போய்க் கேளுங்கள்.

சிங்கப்பூர் வந்ததிலிருந்து தினமும் காலையில் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்கிறேன். நேற்று புதிதாக யாரோ எடுத்தார். வாய்க்காலை எப்போது திறக்கிறீர்கள் என்றேன். அதைக் கேட்க நீங்கள் யார் என்றார்.

வெளியே போய் அந்தக் கல்லில் மூன்றாவது வரியைப் படித்துவிட்டு வாருங்கள், லைனில் இருக்கிறேன் என்றேன்.