கிணற்று மேட்டில் நின்றவர்

முனி, காட்டேரி என்று யாராவது ஆரம்பித்தால் "அதுக்கு ரேஷன் கார்டு இருக்குதா?" என்று கேட்கிற ஆள் நான். எங்கள் கோவிந்தாபுரம் பக்கம் புளியமரத்துக்கு ஒரு பேய் என்று கணக்குச் சொல்வார்கள். அத்தனை மரத்தடியிலும் நான் தூங்கி எழுந்திருக்கிறேன், என் குறட்டைக்குப் பயந்து அவைதான் ஊரைக் காலி செய்திருக்க வேண்டும். ஆகவே இதை நீங்கள் நம்ப வேண்டாம். நானே சில நாள் நம்புவதில்லை. ஆனால் நடந்தது. அதுவும் பட்டப்பகலில், டீ குடிக்கிற நேரத்தில்.

தென்னந்தோப்புக் கிணற்று மோட்டாருக்குப் போன வருடம் ஒரு பெட்டி மாட்டினேன். அதற்குள் ஒரு சிம் கார்டு. போனில் பச்சையைத் தொட்டால் மோட்டார் ஓடும், சிவப்பைத் தொட்டால் நிற்கும், என்ன நடந்தாலும் ஒரு பெண் குரல் கூப்பிட்டுத் தகவல் சொல்லும். என் விரல் இடுகிற கட்டளை டவருக்குப் போய், எந்த ஊரிலோ இருக்கிற கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, மறுபடி டவர் வழியாக என் கிணற்றுக்கு வருகிறதாம். கூப்பிடு தூரத்துக்கு இவ்வளவு பெரிய யாத்திரை. "நீங்க எங்கிருந்தாலும் தோட்டத்துல இருக்கற மாதிரியேதானுங்க" என்றார் மாட்ட வந்தவர். என் மனைவி சாந்தாமணிக்கு அதில் சந்தோஷமில்லை, நான் நிஜமாகவே தோட்டத்தில் கிடந்தால்தான் அவளுக்கு நிம்மதி. ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் இருக்கிற மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். தென்னையும் வளர்ந்தது, என் தொப்பையும் வளர்ந்தது.

ஆனி மாதம். மேற்கே கொட்டித் தீர்க்கிற மழை எங்கள் பக்கம் வந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகும். அன்றைக்கும் அப்படி ஒரு தூறல், மத்தியானமே விளக்கு வைக்கிற மாதிரி இருட்டு. தண்ணீருக்குள் கிடக்கிற மோட்டாரில் பாசி அடைத்துத் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. சாந்தாமணியின் தம்பி நாச்சிமுத்து, கிணற்றில் இறங்கி எடுத்துத் தருகிறேன் என்று வந்தான். அதற்கு முந்தின மாதம்தான் அவன் வீட்டில் ஒரு துக்கம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டான பிள்ளை, பிறக்கும் முன்னே வயிற்றிலேயே போய்விட்டது. ஊரே போய் விசாரித்தது. நானும் போனேன், என்ன பேசுவதென்று தெரியாமல் அவன் வீட்டு நாயைப் பற்றி ஒரு ஜோக் அடித்துவிட்டு வந்தேன்.

இறங்கும் முன்னால் கேட்டான். "மாமா, ஃபியூஸ் கட்டையப் புடுங்கிட்டீங்களா?"

"எதுக்குடா மாப்ளே, பூட்டத் தொறந்துட்டு? போன்லயே நிறுத்திட்டேன், எறங்கு."

"ஓடறப்ப தண்ணியில ஷாக் அடிக்குதுங்க மாமா. மேலயே இருங்க."

"கல்லாட்ட இருக்கறேன் போ."

கல்லாகக் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு கல்லுக்கு டீ ஞாபகம் வந்துவிட்டது. அவன் தண்ணீருக்குள் பாசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், சொல்லாமலே மொபெட்டை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் மணியேட்டன் கடைக்கு வந்துவிட்டேன். மச்சினன் கிணற்றில் இருக்கிறான், சீக்கிரம் ஒரு டீ என்றேன். மணியேட்டனுக்கு அந்தப் பெட்டி மேல் ரொம்ப நாளாகச் சந்தேகம், இங்கிருந்து தொட்டால் அங்கே எப்படி ஓடும் என்று. காட்டிக்கொடுக்காமல் இருப்பேனா?

"பாருங்க ஏட்டா" என்று பச்சையைத் தொட்டேன். போனில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

மணியேட்டன் டீயை ஆற்றிக்கொண்டே, "அது செரி. மச்சினன் கிணத்துல எறங்கியிருக்கான்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்றார்.

ஐயா, ரத்தம் உறைந்தது என்று கதைகளில் எழுதுவார்கள். எனக்கு உறையவில்லை, மொத்தமும் கட்டைவிரலுக்குப் பாய்ந்துவிட்டது. சிவப்பைத் தொட்டேன், குத்தினேன், கும்பிட்டேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கட்டளை கிளம்பிவிட்டது, எந்த ஊர்க் கம்ப்யூட்டர் வாசலில் நிற்கிறதோ, பிடித்து இழுத்துவர ஆளில்லை. நாச்சிமுத்துவின் போனுக்கு அடித்தேன். அது அவன் சட்டைப்பையில், சட்டை கிணற்றுச் சுவர்மேல், அவனோ தண்ணீரில். தெரிந்தும் அடித்தேன்.

எடுத்தார்கள்.

தூறல் சத்தம். அடியாழத்திலிருந்து எதிரொலித்துக்கொண்டு நாச்சிமுத்துவின் பேச்சு. "யாருங்க அது? யாரா இருந்தாலும் ஃபியூஸ் கட்டையப் புடுங்குங்க! உள்ள ஆள் இருக்குது!" என்று கத்தினேன். கடையில் எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"செரி" என்றது ஒரு குரல். வைத்துவிட்டது.

நான் அனுப்பின வாட்ஸ்அப் குரலை நானே திரும்பக் கேட்டால் வருமே, மூக்கடைத்த அந்தக் குரல், அதே குரல். ஆனால் அவசரமே இல்லாமல்.

வெளியே ஓடி மொபெட்டை உதைத்தேன். அரை மைல் தள்ளியிருக்கிற மோட்டார் கட்டைவிரலுக்குக் கட்டுப்படும், காலடியில் நிற்கிற மொபெட் பத்து உதைக்கும் அசையவில்லை. போட்டுவிட்டு ஓடினேன். வேலிக்கம்பியில் வேட்டி மாட்டிக்கொண்டது, அதை வேலிக்கே கொடுத்துவிட்டு டிரவுசரோடு ஓடினேன். வாய்க்கால் தாண்டும்போது போன் அடித்தது. பெண் குரல்: "மின்சாரம் இல்லை. மோட்டார் இயங்கவில்லை." வாய்க்கால் சேற்றில் உட்கார்ந்து அழுதேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது நாச்சிமுத்து மேலே ஏறித் தலை துவட்டிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"ஏனுங்க மாமா, வேட்டி எங்கீங்க? இப்படி மூச்சு வாங்குது!"

"மாப்ளே, இங்க யார்றா இருந்தா?"

"யாருங்களா? நீங்கதானுங்க. இத்தன நேரம் செவுத்தோரம் நின்னு பேசிட்டிருந்தீங்களல்ல?" துண்டை உதறித் தோளில் போட்டான். "ஊட்ல எல்லாரும் போச்சாது, போனாப் போகுதுன்னுதானுங்க சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தானுங்க மாமா, பையனா பொம்பளப்புள்ளையான்னு கேட்டீங்க."

கிணற்றுச் சுவர்மேல் மூன்று ஃபியூஸ் கட்டைகள் வரிசையாக இருந்தன. சுவரெல்லாம் நனைந்திருந்தது, கட்டைகள் மட்டும் காய்ந்திருந்தன. தொட்டேன், கைச்சூடு இருந்தது. மோட்டார் ரூம் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சாவி என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. வேறு சாவி கிடையாது, ஜன்னல் கிடையாது, நான்கு பேரைக் கூட்டிவந்து பிறகு பார்த்தாகிவிட்டது.

அது நானில்லைடா என்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை.

பெட்டியைக் கழற்றிவிட்டேன். இப்போது நடந்துபோய்த்தான் மோட்டார் போடுகிறேன், தொப்பை குறைந்திருக்கிறது, சாந்தாமணிக்குச் சந்தோஷம். நாச்சிமுத்துதான் வாரம் ஒரு தடவை வருகிறான். முன்பெல்லாம் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பவன், இப்போது மரியாதையாக எதிரில் உட்காருகிறான். "நீங்க அன்னிக்கு சொன்னபடியே கொழந்தைக்குன்னு வாங்கி வெச்ச தொட்டிலை எடுத்துக் கோயிலுக்குக் குடுத்துட்டேனுங்க மாமா" என்றான் ஒரு நாள். நல்லதுடா என்றேன்.

போன வாரம் வந்தபோது சாந்தாமணி உள்ளே போகிறவரை காத்திருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டாவதா ஒண்ணு சொன்னீங்களல்லங்க, அதுக்குத்தான் எங்கூட்டுக்காரி ஒத்துக்க மாட்டேங்கறா. தை பொறக்கறதுக்குள்ள எப்படியும் ஒத்துக்க வெச்சர்றேனுங்க" என்றான்.

என்ன சொன்னேன் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். அவன் நிம்மதியாக எழுந்து போனான்.

மார்கழி பாதி ஓடிவிட்டது.