ஆறு மணி வகுப்பு

அப்பாவின் டிரைவிங் ஸ்கூலில் பதினாறு வருடமாக அவள்தான் அலுவலகம். சாலை விதிகள் அத்தனையும் மனப்பாடம் என்பதால், படிக்க வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ரூல்புக் அக்கா. வயது முப்பத்தைந்து. ஒருமுறைகூட ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

பத்தொன்பது வயதில் கேட்டாள். "பொம்பளப் பிள்ளை கார் ஓட்டிட்டுப் போனா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றார் அப்பா. அதோடு சரி. ஆனால் பழகுநர் உரிமத்துக்கான விண்ணப்பங்களை அடுக்கும்போது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பழைய உரிமம் காலாவதியானதும், தன்னுடையதையும் நடுவில் செருகிவிடுவாள். அப்பா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை.

இப்போது தங்கைக்குப் பத்தொன்பது. ஒரு மாதமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு, மற்ற வகுப்புகள் தொடங்குமுன், அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார். "என் சின்னது எப்படி ஒடிச்சுத் திருப்புது பாருங்க!" என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்கிறார். அதே வாய். அக்கா ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். வண்டி எங்காவது உரசும் சத்தம் கேட்டால் மட்டும் திறப்பாள்.

சனிக்கிழமை மாலை, வகுப்புப் பதிவேட்டைப் புரட்டிய தங்கை கத்தினாள்.

"நாளைக்கு என் பேரை அடிச்சிட்டு உன் பேரை எழுதியிருக்க! திங்கட்கிழமை எனக்கு டெஸ்ட்டுக்கா!"

"ஃபெயிலானா மறுபடி போ. ஃபாரம் நானே நிரப்பித் தரேன்."

"பொறாமை பிடிச்சவ!"

"ஆமாடி. வயிறு எரியுது. உனக்கு இப்பதான் தெரியுதா?"

அப்பா இடையில் புகுந்தார்.

"அப்ப காலம் அப்படிம்மா. இப்ப மாறிடுச்சு."

"காலமா வந்து என்கிட்ட சொல்லிச்சு? நீங்கதானேப்பா சொன்னீங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உரிமம் இல்லாம எப்படி..."

மேசை இழுப்பறையிலிருந்து தன் பழகுநர் உரிமத்தையும் அதற்கான விண்ணப்ப நகலையும் எடுத்து நீட்டினாள். நகலின் கீழே அவருடைய கையெழுத்து.

ஞாயிறு காலை மூவரும் கிளம்பினார்கள். தங்கை பின் இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் கியரிலேயே வண்டி அலறிக்கொண்டு போனது. நடந்து போன ஒருவர் அவர்களைத் தாண்டிப் போனார்.

அரை மணி ஆனதும் அப்பா மெல்லச் சொன்னார். "போதும்மா. மீதி நேரம் சின்னவ ஓட்டட்டும். நாளைக்கு டெஸ்ட்டு, பாவம்."

கண்ணாடியில் தங்கையின் முகம் தெரிந்தது. நிஜமாகவே பாவமாகத்தான் இருந்தது.

"ஏழு மணி வரைக்கும் என் வகுப்புப்பா" என்றாள் அக்கா.