ஜோடி சேராத விடை

ஆம்பூரிலேயே என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரி யாரும் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புக் காலம். எனக்கு ஒரே ஒரு மாணவி, என் அம்மா. பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தோற்று, பதினெட்டு வருடம் அந்தப் பக்கமே திரும்பாதவள். ஷூ கம்பெனியில் கடைசி மேஜையில் செக்கிங் பார்த்தாள். பத்தாவது பாஸ் செய்தால் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொன்னதால் தனித்தேர்வு எழுதத் துணிந்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னம் வரும் சமன்பாடுகளுக்கு வந்தோம். எக்ஸில் பாதியும் ஒய்யில் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் நான்கு; எக்ஸில் காலும் ஒய்யில் பாதியும் சேர்ந்தாலும் நான்கு. அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. முதலாவதை ஆறாலும் இரண்டாவதை நான்காலும் பெருக்கினால் பின்னம் ஓடிவிடும் என்று பெரிய மனுஷியாகச் சொல்லி, மளமளவென்று போட்டேன். எக்ஸ் பத்து, ஒய் மைனஸ் மூன்று. முதல் சமன்பாட்டில் வைத்தும் காட்டினேன். ஐந்தில் ஒன்று போக நான்கு.

"ரெண்டாவதுல வச்சிப் பாத்தியா?" என்றாள்.

"ஒண்ணுல வந்தா போதும்மா."

"எப்டி போதும்? லெஃப்ட் நல்லா இருந்து ரைட்ல தையல் பிரிஞ்சிருந்தா, நாங்க ஜோடியையே திருப்பி அனுப்புவோம்."

அவளே வைத்துப் பார்த்தாள். இரண்டரையில் ஒன்றரை போக ஒன்றுதான் வந்தது. இரண்டாவதில் இடப்பக்கத்தை மட்டும் பெருக்கிவிட்டு, வலப்பக்கத்து நான்கை நான் அப்படியே விட்டிருந்தேன். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி நீயே படித்துக்கொள் என்று நோட்டை மூடினேன்.

"டீச்சரே கோச்சிக்கினா நான் எங்கடி போவேன்? பரீட்சைக்கு எட்டு நாள்தான் இருக்குது."

அவள் குரலில் விளையாட்டு இல்லை. நோட்டைத் திறந்தேன். நான்கைப் பதினாறாக்கி மறுபடி போட்டோம். எக்ஸ் நான்கு, ஒய் ஆறு. இரண்டிலும் வைத்துப் பார்த்து, இதைப் பெட்டியில் போடலாம் என்பதுபோல் தலையாட்டினாள்.

கணக்கில் நாற்பத்தொன்று வாங்கினாள். பக்கத்து மேஜைக்காரர்களுக்கெல்லாம் மக்கன்பேடா கொடுத்து, மார்க்கையும் சொல்லி, என் பெண்தான் சொல்லிக்கொடுத்தாள் என்று பீற்றிக்கொண்டாள். அடுத்த மாதமே சூப்பர்வைசர் ஆனாள். நானோ, மார்க்கை மட்டும் வெளியில் சொல்லாதே என்று கெஞ்சினேன். அவள் சிரித்தாள்.

பதினெட்டு வருடம் பயந்துகொண்டிருந்த ஒன்றின் எதிரே போய் உட்கார எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது, தொண்ணூற்றெட்டு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அப்போது தெரியவில்லை.