நானூற்றுப் பன்னிரண்டு அக்காக்கள்

ஒற்று மேடத்துக்கு அந்த வாரம் முழுவதும் யாரையாவது ஓங்கி ஓர் அறை விடவேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. அறை வாங்கவேண்டியவன் ஒருத்தனாக இருந்தால் தேடிப் பிடித்துவிடலாம். இவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், அத்தனை பேரும் பொய்ப் பெயரில்.

அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆபீஸில் யார் எதை எழுதிக் காட்டினாலும், "இங்க ஒரு க் வரணும், இங்க ப் வராது" என்று ஆரம்பித்துவிடுவாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், பதினொரு வருஷமாக வீடியோ கேம்களைத் தமிழில் எழுதும் வேலை. நாள் முழுக்க விளையாடிச் சம்பளம் வாங்குகிறாள் என்று சொந்தக்காரர்களுக்கு நினைப்பு. எங்கே, விளையாட்டைக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள்! கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை வரும். இந்தப் பக்கம் மூலம், அந்தப் பக்கம் தமிழ், நடுவே சந்தேகம் கேட்க ஒரு கட்டம். பேசுகிறவன் சிரிக்கிறானா அழுகிறானா என்பதுகூட ஊகம்தான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை.

அப்படித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் படகோட்டி வந்து சேர்ந்தான். வெள்ளத்தில் காணாமல் போன உடன்பிறந்தவளைத் தேடிப் போகிறான், விளையாட்டு முழுக்க அவ்வளவுதான். அவளுக்குப் பெயர் கிடையாது. மூலமொழியில் ஒரே சொல்; மூத்தவளுக்கும் அதுதான், இளையவளுக்கும் அதுதான். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தமிழில் வாயைத் திறந்தால் அக்காவா தங்கச்சியா என்று முடிவு பண்ணித்தானே ஆகவேண்டும்? நடுக்கட்டத்தில் முறையாகக் கேட்டாள்: 'இவள் மூத்தவளா, இளையவளா?' நான்கு நாள் கழித்துக் கதை எழுதியவர்களிடமிருந்து பதில் வந்தது. 'அது முக்கியமில்லை.'

முக்கியமில்லையாம்! சரி என்று தானே யோசித்தாள். முதல் பாகத்தில் அந்தப் பெண் அவனுக்குத் தலை வாரிவிடுகிறாள், நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்று முறைக்கிறாள், மழையில் நனைந்து வந்தால் திட்டித் தீர்க்கிறாள். இதெல்லாம் அக்கா செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? போட்டாள், நானூற்றுப் பன்னிரண்டு இடத்தில் அக்கா. கடைசிக் காட்சியில், வெள்ளம் வடிந்த வீட்டின் முன்னால் நின்று அவன் மூன்று தரம் கூப்பிடுவான்: "அக்கா, கதவத் திற." கதவு திறக்காது. அந்த இடத்தில் அழுதுவிட்டோம் என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவள் பெயரும் வந்தது, பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக. அவளுடைய அண்ணன் அதைப் போனில் படம் பிடித்து, தான் வேலை பார்க்கும் பஸ் டிப்போ முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

அந்த அண்ணனைப் பற்றியும் சொல்லவேண்டும். டிப்போவில் மெக்கானிக், அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அண்ணனும் தங்கையும் மட்டும் ஒரே வீட்டில். சாவி, கண்ணாடி, குடை எதையும் அவருக்கு எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாது. அவளுக்கு நாற்பத்தாறு வயதாகியும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை ஆபீஸுக்குப் போன் போட்டு, "பாப்பா இருக்கா?" என்றார். புதிதாக வந்திருந்த ரிசப்ஷன் பெண், "இங்க குழந்தைங்க யாரும் இல்ல சார்" என்று வைத்துவிட்டாள். அந்தக் கதை ஆபீஸ் முழுக்கப் பரவி, மானம் கப்பலேறியது.

போன மாதம் மூன்றாம் பாகம் வந்தது, கூடவே சனியனும் வந்தது. அதில் வரும் பழைய வீட்டின் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டுக் குறித்திருந்தார்கள். ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் படகு வரைந்து 11. கொஞ்சம் கீழே பூ வரைந்து 8. இரண்டுக்கும் ஒரே தேதி. எல்லாம் படத்தில் இருந்ததால் அட்டவணைக்கு வரவே இல்லை. மற்ற மொழிக்காரர்கள் பார்த்தார்கள், கடந்து போனார்கள். நம் ஆட்கள் விடுவார்களா? 'அக்காவுக்கு எப்படி எட்டு வயசு?' என்று அளவுகோல் என்ற பெயரில் ஒருவன் இணைய மன்றத்தில் கேட்டான்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். அக்கா எட்டு வயதிலேயே செத்துப் பேயாகிவிட்டாள், பேய்க்கு வயது ஏறாது, தம்பி வளர்ந்து தாண்டிவிட்டான் என்றது ஒரு கட்சி. 8 என்பது வயதே இல்லை, மாதம் என்றது இன்னொன்று. படகோட்டிக்கு அப்பா வேறு என்றான் ஒருத்தன். உன் அப்பா யார் என்று கேட்டான் அடுத்தவன். அறுபத்து மூன்று பக்கம் ஓடியது சண்டை. ஒரு சொல், அதுவும் அவள் ஊகத்தில் போட்ட சொல், அதன்மேல் மாடி மாடியாகக் கட்டிக்கொண்டே போனார்கள்!

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "இளையவதானாம் மேடம். இப்பதான் சொல்றாங்க."

"நான் ரெண்டு வருஷம் முன்னாடியே கேட்டேனே சார்! முக்கியமில்லைன்னு எழுதினாங்களே!"

"கேட்டீங்க, யாரு இல்லைன்னா? வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் மாத்தணும். இல்லைன்னா வேற ஆள வச்சு எழுதிக்கறாங்களாம். அப்புறம் பட்டியல்ல உங்க பேரும் இருக்காது."

நானூற்று ஒன்பது இடத்தில் தங்கச்சி என்று மாற்ற ஒரு நாள் போதுமாயிருந்தது. அந்தக் கடைசி மூன்றுதான் உயிரை வாங்கின. அக்காவை அக்கா என்று கூப்பிடலாம். கூடப் பிறந்த தங்கச்சியை யார் தங்கச்சி என்று கூப்பிடுகிறார்கள்? பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், இவளுக்கோ பெயரே இல்லை. 'தங்கச்சி, கதவத் திற' என்றால் வழி தப்பியவன் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்பது மாதிரி இருந்தது. 'தங்கையே' என்று போட்டுப் பார்த்து அவளே தலையில் அடித்துக்கொண்டாள். பெயர் ஒன்று வைக்கலாமா என்று நடுக்கட்டத்தில் கேட்டாள். கூடாது என்று இந்தத் தடவை உடனே பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. வெளியே நல்ல மழை. அந்த மூன்று கட்டமும் காலியாகவே கிடந்தன.

"மேடம், பாப்பாவுக்குப் போன்!" என்று ரிசப்ஷன் பெண் கத்தினாள். ஆபீஸே சிரித்தது.

போனைப் பிடுங்கி, "என்ன?" என்றாள்.

"பாப்பா, கதவு பூட்டியிருக்கு. சாவிய எங்க வச்சேன்னு தெரியல."

"மழையிலயா நிக்கற? அறிவிருக்கா உனக்கு? போன தடவை நனைஞ்சுதான பத்து நாள் படுத்த? எதிர் வீட்டு வாசல்ல போய் ஒதுங்கு. தலைய மொதல்ல தொடை. மத்தியானம் சாப்பிட்டியா இல்லையா?"

"சாப்டறேன் பாப்பா."

"ஆபீஸ்ல மானம் போகுது! நாப்பத்தாறு வயசாச்சு எனக்கு. இன்னும் என்ன பாப்பா?"

அண்ணன் நிஜமாகவே யோசித்தார் போலிருக்கிறது.

"வேற எப்படிக் கூப்பிடறது?" என்றார்.

அவள் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை என்றால் முறைக்கிறாள், நனைந்து வந்தால் திட்டித் தீர்க்கிறாள். அக்கா செய்யாமல் வேறு யார் செய்வார்கள் என்று முடிவு கட்டியவள் அவளேதான். தன்னைப் பார்த்தே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. மூன்று கட்டத்திலும் ஒரே வரியை அடித்து அனுப்பிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

'பாப்பா, கதவத் திற.'

பட்டியலில் அவள் பெயர் தப்பித்தது. மேனேஜர் கைகொடுத்தார். மன்றம் நிம்மதியாக விட்டதா? திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டில் காபியோடு திறந்து பார்த்தால், அளவுகோல் புதிதாக ஒரு விவாதத்தைத் தொடங்கியிருந்தான். 'பாப்பா என்றால் அதிகபட்சம் நான்கு வயது. கதவு நிலையில் எட்டு. மறுபடியும் தப்பு.' அதற்குள் ஆறு பக்கம் ஓடியிருந்தது. பேய்க் கட்சி திரும்பி வந்திருந்தது.

பதினொரு வருஷத்தில் அவள் அங்கே ஒரு வரி எழுதியதில்லை. அன்றைக்கு எழுதினாள். 'எனக்கு நாற்பத்தாறு வயது. என் அண்ணனுக்கு நான் இன்றைக்கும் பாப்பாதான்.' ஒற்றெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அளவுகோல் பதில் போட்டுவிட்டான். 'ஆதாரம் உண்டா?'

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களைக் கீபோர்டில் வைத்தாள். வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

"பாப்பா, கதவத் தொற. சாவிய மறந்துட்டேன்."

"உன்னோட ஒரே தொல்லை" என்று திட்டிக்கொண்டே எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.